பழைய காரின் சான்றிதழும் பிரேக்கும்

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பழைய கார் வாங்க முற்படுவதுண்டு. பதிவுச் சான்றிதழ் செல்லுபடியாகிறது. ஆகவே வண்டியும் பழுதற்றது என்று அவர்கள் கருதிவிடலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதே தகுதிச் சோதனை நடைபெறுகிறது. இடையில் பெறும் சான்றிதழ் புகையைப் பற்றியது. பிரேக்கைப் பற்றி அது ஒன்றும் கூறாது.

பிரேக் ஆயில் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 3’ வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அது 140 டிகிரி வரை தாழலாம். அத்தகைய வண்டியில் நந்தி மலையினின்று இறங்குங்கால், பிரேக் சூடேறி ஆயில் கொதித்து, ஆவிக் குமிழ்கள் தோன்றக்கூடும். திரவம் எளிதில் நசுங்காது, குமிழோ நசுங்கிவிடும். பெடல் முழுவதும் இறங்கினும் பிரேக் பிடிக்காது.

ஆதலின், விலை பேசுமுன் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைச் சோதித்தறிக. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது. 15 ஆண்டு நிறைந்தும் பதிவு புதுப்பிக்கப்படாத வண்டியை வாங்காதிருத்தலே நலம்.