கீரைப் பாத்திக்கு வரும் நீர்

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சென்னை–அரக்கோணம் ரயில் பாதையும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் நெமிலிச்சேரி, கிழக்கே பட்டாபிராம், ஆவடி, மேற்கே திருநின்றவூர், தெற்கே பூந்தமல்லி ஒன்றியத்தின் ஏரிப்பாசன ஊர்கள் எனச் சூழப்பட்ட புறநகர்ப் பகுதியாகும். வீட்டுமனைகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் இத்தகைய புறநகர் நிலங்களில் நெல்லைவிடக் கீரையும் காய்கறியும் விவசாயிக்குக் கைகொடுக்கின்றன. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த நான்கு வாரங்களுக்குள் பறிப்புக்கு வந்துவிடுகின்றன, கோயம்பேடு சந்தையும் தொலைவில் இல்லை. ஆனால் அந்தப் பயிருக்கு அன்றாடம் நீர் வேண்டும். ஏரியின் வரத்துக் கால்வாயில் வீட்டுக் கழிவுநீர் கலந்து, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே பாயும் கூவமும் சாக்கடையாகிவிட்ட பகுதியில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி விவசாயியின் உடல்நலத்தையும் வாங்குபவரின் உடல்நலத்தையும் ஒருங்கே தொடுகிறது.

இதில் இரண்டு ஆபத்துகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, மனிதரின் அல்லது கால்நடையின் குடலில் வாழும் பாக்டீரியா நீர் வழியாகவோ எரு வழியாகவோ காய்கறிமேல் வந்து சேர்வது. அதற்கு அடையாளமாகப் பரிசோதனைக் கூடங்கள் தேடுவது இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை. அதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை என்றாலும், அது இருக்குமிடத்தில் மலக்கழிவு கலந்திருக்கிறது என்பதும், டைபாய்டு, வயிற்றுப்போக்கு போன்றவற்றை உண்டாக்கும் கிருமிகளும் அதே வழியில் வந்திருக்கக்கூடும் என்பதும் உறுதியாகின்றன. இரண்டாவது, அந்தப் பாக்டீரியாவை அழிக்கத் தரப்படும் ஆன்டிபயாட்டிக், அதாவது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதனிடம் பலிக்காமல் போவது. இதுவே மருந்தெதிர்ப்பு எனப்படுகிறது. எதிர்ப்பைத் தரும் மரபணு பல நேரங்களில் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் அமைந்திருப்பதால், ஒரு பாக்டீரியா அதை அருகிலுள்ள வேறு இனப் பாக்டீரியாவுக்குக்கூடக் கடத்திவிடுகிறது. எனவே எதிர்ப்புள்ள கிருமியை உண்பவர் உடனே நோயுற வேண்டும் என்பதில்லை. அது குடலில் சத்தமின்றித் தங்கி, பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்றோ அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய தொற்றோ வரும்போதுதான் வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகிறது. அந்த நோயாளியின் தொற்றையும் மாதங்களுக்கு முன் அவர் உண்ட கொத்தமல்லிச் சட்னியையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை என்பதே இச்சிக்கலின் கொடுமை.

கீரை பாத்தியிலிருந்து கடைக்கு வரும் வழியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் கிருமி ஏறும் இடங்கள் தெளிவாகத் தெரியும். அகலமான பாத்தியில் நெருக்கமாகத் தூவி விதைத்த முளைக்கீரைக்கு நீர் பாய்ச்சும்போது தாழ்ந்த இலைகள் நனைகின்றன, மண்ணும் தெறித்து ஒட்டுகிறது. பறிப்பவர் வேரோடு பிடுங்கி, கைப்பிடி அளவாகக் கட்டி, வேர்மண் போவதற்காக வாய்க்காலிலோ தொட்டியிலோ முக்கி எடுக்கிறார். நூறு கட்டுகள் முக்கப்பட்ட அதே தொட்டி நீரில் நூற்றியோராவது கட்டும் முக்கப்படுவதால், ஒரு கட்டிலிருந்த கிருமி எல்லாக் கட்டுகளுக்கும் பங்கு வைக்கப்படுகிறது. பின்னர் ஈரச் சாக்கு போர்த்தி இரவில் ஏற்றி, கடையில் வாடாமலிருக்க மீண்டும் மீண்டும் நீர் தெளித்து வைக்கும்போது, ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாக்டீரியா பெருகுவதற்கு வேண்டிய சூழல் அமைந்துவிடுகிறது. அரைக்கீரையைப் போல அறுத்து அறுத்துத் தழைக்கவிடும் கீரையில் வெட்டுவாய் திறந்திருப்பதால், கிருமி தண்டின் உட்புறத்துக்கும் செல்லக்கூடும். அங்கு சென்றதைக் கழுவி நீக்க முடியாது.

சென்னையைப் பொறுத்தவரை இது கற்பனையான அச்சம் அல்ல. கடைசி வரிசை மருந்துகளான கார்பபெனெம்களையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதியைக் கொண்ட பாக்டீரியா பற்றி 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அந்தக் கிருமி கண்டறியப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012-இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் வழிமுறைகளை வகுத்து வெளியிட்டதும் இதே நகரிலிருந்துதான். அது சென்னைப் பிரகடனம் என்று உலகெங்கும் அறியப்படுகிறது. கார்பபெனெமும் தோற்றபின் மருத்துவர்கள் கையிலெடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்துக்கு எதிர்ப்புள்ள பாக்டீரியா உணவில் இருக்கிறதா என்று சென்னை மருத்துவர்கள் தேடி, காய்கறி, பழம், மீன், இறைச்சி உள்ளிட்ட சமைக்காத உணவு மாதிரிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதி மாதிரிகளில் அது இருந்தது. அந்த ஆய்வு 2019-இல் அச்சேறியது. அதே ஆண்டு ஜூலையில் கோழி முதலான உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தருவதை ஒன்றிய அரசு தடை செய்தது. மருந்தெதிர்ப்புள்ள பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் 2019-இல் மட்டும் உலகளவில் ஏறத்தாழ 12.7 லட்சம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

காய்கறி வழியாகவே எதிர்ப்புள்ள கிருமி பரவியதற்கு ஜெர்மனி சான்று. 2011-இல் அங்கு பச்சையாக உண்ணப்பட்ட முளைகட்டிய பயிர்கள் வழியே பரவிய இ.கோலை வகை பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு எதிர்ப்புடையதாக இருந்தது. ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்றனர், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி விழுந்து அந்நாட்டு விவசாயிகள் பெரும் இழப்புக்கு ஆளானபின், விசாரணை எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதைகளை நோக்கித் திரும்பியது. நீரையும் எருவையும் தொடர்ந்து சோதிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் முதல் பழி குற்றமற்ற விவசாயியின் தலையில் விழும் என்பது இந்நிகழ்விலிருந்து நெமிலிச்சேரி விவசாயியும் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நிலத்துக்குள் எதிர்ப்பு நுழையும் வாயில் சாக்கடை நீர் மட்டும் அன்று. கோழிப்பண்ணைக் கழிவு மலிவான தழைச்சத்து என்பதால் காய்கறி நிலங்களில் பரவலாக இடப்படுகிறது. பண்ணையில் கோழிக்குத் தந்த மருந்தின் எச்சமும், அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாவும் மக்காத கழிவோடு மண்ணுக்கு வருகின்றன. மருந்தூசி போடப்பட்ட மாட்டின் புதுச்சாணத்துக்கும் இது பொருந்தும். ஆகவே சாணக் கரைசல்களை அறுவடைக்கு நெருங்கிய நாள்களில் கீரை இலைமேல் தெளிப்பது, இயற்கை முறை என்ற பெயர் பெற்றிருந்தாலும், தவிர்க்க வேண்டிய பழக்கமே. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூள், பயிரின் பாக்டீரியா நோய்களுக்கென்று பூச்சிமருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தது. பரிந்துரைக்கப்பட்ட சில பயிர்களைத் தாண்டி அது கண்டபடி தெளிக்கப்படுவதை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி, ஹரியானா, பஞ்சாப் வயல்களில் 2019-இல் வெளிப்படுத்தியது. காசநோய்க்கு முதன்முதலில் கைகொடுத்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் தோட்டத்தில் தெளிக்கும் பொருளாக ஒருபோதும் ஆகியிருக்கக் கூடாது. இவ்விரண்டின் வேளாண் பயன்பாட்டை 2024 ஜனவரி 1 முதல் முற்றாக நிறுத்தும் வரைவு ஆணையை ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கடைக்காரர் அந்தத் தூளை நீட்டினால் வாங்காமல் வட்டார வேளாண்மை அலுவலரிடம் மாற்று கேட்பதே விவசாயிக்கு நல்லது.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், நடுவில் ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டு அடிப்படையில் ஏ முதல் இ வரை ஐந்து வகைகளாகப் பிரித்திருக்கிறது. குடிநீருக்கும் குளிக்கும் நீருக்கும் பாக்டீரியா வரம்பு உண்டு; பாசனத்துக்கான 'இ' வகையிலோ கார அமிலத் தன்மை, மின்கடத்துதிறன், சோடிய விகிதம், போரான் ஆகியவை மட்டுமே அளவுகோல்கள். பயிருக்குக் கேடு செய்யும் உப்பை அளக்கும் இந்த அளவுகோல், உண்பவருக்குக் கேடு செய்யும் கிருமியை அளக்கவே இல்லை. பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக்குடல் பாக்டீரியாவுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொல்லியிருந்தும் இந்த நிலை நீடிக்கிறது. மறுமுனையில், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில் விவசாயியையும் வயல்வேலையையும் விளைச்சலையும் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டு, விளைபொருள் வணிகரின் கைக்கு வந்தபின்தான் பொறுப்பேற்கிறது. விவசாயியைத் தண்டனையிலிருந்து காக்கும் இந்த விலக்கு நியாயமானது. ஆனால் அவருக்குக் கிடைக்கும் நீருக்கு யார் பொறுப்பு என்பதை வேறெந்த விதியும் பாக்டீரியா அளவில் வரையறுக்காததால், சாக்கடை வாய்க்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே உள்ள வயல் கண்காணிப்பற்ற வெளியாக நிற்கிறது.

என்றாலும் கையிலிருக்கும் சட்டங்களைக் கொண்டே செய்யக்கூடியவை பல. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அறிந்தே மாசுப்பொருளை ஓடையிலோ கிணற்றிலோ சேரவிடுவதைத் தடை செய்கிறது. நிலத்தடி நீரும் இதில் அடங்கும். ஆலையாயினும் உள்ளாட்சி அமைப்பாயினும் இது பொருந்தும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதற்கு உள்ளாட்சிகள் சாக்குச் சொல்ல முடியாதபடி, பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் காலக்கெடுவோடு ஆணையிட்டது. செப்டிக் டேங்க் கழிவை எடுத்துச் செல்லும் லாரிகள் உரிமம் பெற்று, சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். கால்வாயில் கொட்டும் வண்டியின் எண், நாள், நேரம், படம் ஆகியவற்றோடு உள்ளாட்சி அலுவலகத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் எழுத்து மூலம் புகார் தந்து ஒப்புகை பெறுவது முதற்படி. நடவடிக்கை இல்லையெனில், ஏரியிலும் கால்வாயிலும் வாரியம் எடுத்த நீர் மாதிரிகளின் முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நீர் கெட்டதால் பயிரையோ கிணற்றையோ இழந்த விவசாயி, சென்னையில் இயங்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வில், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கோரலாம். இதற்கான காலவரம்பு ஐந்து ஆண்டுகள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற உதவியது ஒரு தமிழ்நாட்டு வழக்கு: தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரை நிலங்கள் பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபின், பாதிக்கப்பட்ட நிலத்தோரை அடையாளம் கண்டு இழப்பீடு வழங்கத் தனி ஆணையமே அமைக்கப்பட்டது. கீரை விவசாயியைக் குற்றவாளியாக அல்லாமல் முதல் பாதிப்பாளராகப் பார்க்கும் பார்வைக்கு இத்தீர்ப்பு உறுதியான அடித்தளம். நாள் முழுவதும் அந்த நீரில் கால் நனைய நின்று களையெடுக்கும் பெண்களின் உடல்நலத்தையும் இந்தப் பார்வையில் சேர்த்தாக வேண்டும்.

சான்றில்லாமல் எந்தப் புகாரும் நிலைக்காது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். உப்புத்தன்மைச் சோதனையோடு நிறுத்தாமல் பாக்டீரியாச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்டு, கிருமிநீக்கிய புட்டியில் எடுத்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். நீர் கெட்டது என்று தெரிந்தபின்னும் வேறு நீர் இல்லாதவருக்குச் சில தடுப்பு வழிகள் உண்டு. அறுவடைக்குச் சில நாள் முன் அந்த நீரை நிறுத்தினால், வெயிலில் இலைமேலுள்ள கிருமி நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்காகவோ, சூழ்நிலை வாய்த்தால் நூறில் ஒரு பங்காகவோ குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். வெண்டைக்கும் கத்தரிக்கும் சொட்டுநீர் நல்ல காப்பு. தூவி விதைக்கும் கீரைக்கு அது எளிதில் பொருந்தாது. பறித்த கட்டை முக்கும் தொட்டிக்கு மட்டுமாவது ஆழ்துளைக் கிணற்றின் சோதித்த நீரைப் பயன்படுத்தி அடிக்கடி மாற்றுவது, செலவு குறைந்தும் பயன் மிகுந்தும் உள்ள ஒரே மாற்றமாகத் தோன்றுகிறது. பச்சை எரு இட்டபின், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. 25 நாள் கீரையில் அது இயலாது என்பதால், குவித்துச் சூடேற்றிப் பலமுறை புரட்டி மக்கவைத்த எருவைத் தவிர வேறெதையும் கீரை நிலத்தில் இடாதிருப்பதே பொருத்தம்.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கத் தரலாம். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் உள்ளது. அழுக்கு நீரில் காய்கறி கழுவும் கடைகளைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம்.

வீட்டில் அஞ்ச வேண்டியது கீரை மசியலையோ பொரியலையோ அல்ல. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவுக்கு வெப்பத்தை எதிர்க்கும் ஆற்றல் கூடுவதில்லை. கொதிக்கும் நீரில் மற்றவற்றைப் போலவே அதுவும் அழிகிறது. கவனம் வேண்டியது பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாச் சட்னிக்கும், வெள்ளரி, வெங்காயப் பச்சடிக்கும், கேரட், முள்ளங்கித் துருவலுக்கும், இறக்கியபின் ரசத்தில் தூவும் மல்லித்தழைக்கும், அவற்றுக்கும் இறைச்சிக்கும் ஒரே அரிவாள்மணையைப் பயன்படுத்தும் பழக்கத்துக்குமே. ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுவது கிருமியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மஞ்சளும் உப்பும் கலந்த நீரைக் கிருமிநாசினியாக நம்புவதற்கில்லை. நோய் எதிர்ப்பு குன்றியோரும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில், நீரின் மூலம் தெரியாத தழைகளை வதக்கி அரைப்பதே பாதுகாப்பு.

ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஏரிக்குள் வரும் ஒவ்வொரு கழிவுநீர் வாயையும் இடம் குறித்துப் பட்டியலிட்டு, பாசன நீருக்குப் பாக்டீரியாச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை நடத்தி முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் இயற்றக் கோருவது, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கூட்டத்துக்கு மிகப் பொருந்தும். நிறைவேறிய தீர்மானத்தின் நகலைப் பெற்று, அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பும் புகாரோடு இணைக்க வேண்டும்.