சிற்றுருவ இருப்புப்பாதைக்கு ஏற்ற மின்சாரம்

மதுரைச் சந்திப்பில் வண்டிக்குக் காத்து நிற்போர் பாதையின் மேலே செல்லும் கம்பியை நோக்கியிருப்பர். அதில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் பாய்கின்றது. அத்தகைய பாதையொன்றைப் பலகைமேல் சிறிதாக அமைக்க விழையும் நண்பர்கள் எஞ்சினையும் தண்டவாளத்தையும் தேடித் தேடி வாங்குகின்றனர். மின்கருவியை மட்டும் எஞ்சிய பணத்திற்குக் கிடைத்ததாகக் கொள்கின்றனர். உயிர்க்கு ஊறு விளைக்கவல்லது அஃதொன்றேயாதலின், அதனைத் தேரும் முறையை ஈண்டு உரைப்போம்.

சிற்றுருவ வண்டிகளுள் பெருவழக்காயுள்ளது மெய்வண்டியில் 87-இல் ஒரு பங்கினது. நீள அகலங்களைப் போல மின்னழுத்தத்தையும் 87-ஆல் வகுக்கலாமோவெனின், 287 வோல்ட் வரும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்தான்! சிறுவர் கைபடும் தண்டவாளத்தில் அதனை விடுதல் தகுமோ? ஆதலின் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் வழக்கமாயிற்று. அழுத்தம் கூடின் வண்டி விரையும், குறையின் தளரும், மின்முனைகளை மாற்றின் பின்னோக்கி ஓடும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் தொடங்கிய மின்வண்டிகளும் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தாலேயே ஓடின.

வோல்டை நோக்குவார் பலர். ஆம்பியரை நோக்குவார் சிலரே. புதிய எஞ்சின் அரை ஆம்பியருக்கும் குறைவாகக் கொள்ளும். பழையது ஏற்றத்தில் இழுக்குங்கால் ஓர் ஆம்பியர்வரை வேண்டும். ஒன்றிரண்டு வண்டிகட்கு 2 ஆம்பியர் தரும் கருவி போதும். நிலைய விளக்குகட்கு வேறொன்று வைத்தல் நன்று.

மின்வெட்டுக்கு அஞ்சிக் கார் பாட்டரியை இணைப்பாரும் உளர். அதுவும் 12 வோல்ட்தானே என்பர். ஆயின் வண்டி தடம்புரண்டு, உலோகப்பகுதியொன்று இரு தண்டவாளங்களையும் ஒருங்கே தொடுமாயின், அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சவல்லது. கம்பி பழுக்கும், பலகை தீப்பற்றும். தக்க ஃபியூஸ் இன்றி அதனை இணைத்தலாகாது. நல்ல கருவியோ அந்நிலையில் தானே மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வீட்டு மின்சாரம் புகும் சுருளும் வண்டிக்குச் செல்லும் சுருளும் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மரே கருவியினுள் இருத்தல் வேண்டும். ஒரே சுருளினின்று அழுத்தத்தைப் பிரித்தெடுப்பனவும் விற்கப்படுகின்றன. தண்டவாளங்களிடையே அவை 12 வோல்ட்டே காட்டினும், ஈரத்தரையில் நின்று ஒரு தண்டவாளத்தைத் தொடுவான்மேல் 230 வோல்ட்டும் பாயக்கூடும். விலை குறைவென்று அவற்றை வாங்கற்க.

நீண்ட பாதையின் கடைக்கோடியில் வண்டி தளருமாயின், பெரிய கருவி வாங்குவது மருந்தன்று. இணைப்புகள்தோறும் அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைவதே காரணம்; ஆகலின் பல இடங்களில் தண்டவாளத்தோடு தனிக்கம்பி கொண்டு சேர்க்க. மெய்ப்பாதைக்கும் இடையிடையே துணைமின் நிலையங்கள் இதன்பொருட்டே உள. அழுத்தம் குறைந்த பாதைக்கு அவை நெருக்கமாக வேண்டும். மிகுந்ததற்குத் தொலைவிலிருப்பினும் அமையும். தாம்பரம் பாதையும் 1960-களில் 25,000 வோல்டுக்கு மாற்றப்பட்டது.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கருவி தானும் சூடேறுமாதலின், அதனை மூடிய பெட்டிக்குள் வையாது, நாற்புறமும் காற்றுப்படுமாறு பலகைக்கு வெளியே வைக்க.