மச்சி, வில் வாங்கலாமா?

"மச்சி, ஒரு கிராஸ்போ ஆர்டர் போடப் போறேன்டா!"

திருவண்ணாமலை செங்கம் ரோடு டீக்கடையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு நண்பர் ஒருத்தர் இப்படிச் சொன்னதும், பக்கத்து பெஞ்சே திரும்பிப் பார்த்தது. 'தி வாக்கிங் டெட்' சீரியலில் டேரில் தோளில் மாட்டிக்கிட்டு வருவாரே, அதே ஐட்டம். மொட்டை மாடியில் தெர்மகோல் ஷீட்டை நிக்க வெச்சு அடிக்கப் போறாராம். "பாகுபலி மாதிரி ஒரே நேரத்துல மூணு அம்பு விடுவியா?"னு கலாய்ச்சதுக்கு பயங்கரமா முறைச்சார்.

ஆசை தப்பில்லை பாஸ். வில் நமக்கு ஹாலிவுட்லேர்ந்து வந்த சமாச்சாரமும் இல்லை. அதே செங்கம் ரோட்டில் பஸ் ஏறினால் சுமார் 35 கி.மீ.-ல் செங்கம். பல்லவர் கால நடுகற்களுக்குப் பேர்போன வட்டாரம். மாடு பிடிக்கிற சண்டையில் உயிரை விட்டவங்களுக்கு ஊர் நட்ட கல். அதில் பல கற்களில் வீரன் இடது கையில் வில்லோடதான் நிக்கிறான். கிராஸ்போவுக்கும் சொந்தக்காரன் நம்ம ஊர்லயே உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையில் இருந்த பொறிகளைச் சொல்ற இடத்தில் 'வளைவிற்பொறி' வருது. தானே வளைந்து அம்பு எய்கிற இயந்திர வில்!

சரி, நம்ம நண்பர் வாங்க நினைச்ச காம்பவுண்ட் கிராஸ்போவுக்கு வருவோம். வில்லைப் படுக்க வெச்சு, துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு கட்டையில் பொருத்தி, டிரிகர் வெச்சா கிராஸ்போ. வில்லின் இரண்டு முனையிலும் 'கேம்'னு ஒரு கோணல் சக்கரம் மாட்டினா காம்பவுண்ட். இந்தச் சக்கரத்தை வில்லில் மாட்டலாம்னு 1966-ல் யோசிச்சவர் அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். 1969-ல் காப்புரிமை வாங்கினார்.

மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கிற இடம் இதுதான். சாதா வில்லில் இழுக்க இழுக்க கனம் ஏறிக்கிட்டே போகும். கையில் பிடிக்கிற காம்பவுண்ட் வில்லில் உச்சத்தைத் தாண்டினதும் கேம் உருண்டு, கனம் திடீர்னு குறையும். போட்டியில் அனுமதிக்கிற உச்ச அளவு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. அதில் 75 சதவீதம் குறைஞ்சா விரலுக்கு வர்றது ஏழு கிலோதான். நிதானமா குறி பார்க்கலாம். ஆனா இழுத்த சக்தி எங்கேயும் போகலை, வில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு. அம்பு கிளம்பினா மணிக்கு 300 கி.மீ. வாக்கில் போகும். தெர்மகோலை இட்லியில் ஊசி குத்தின மாதிரி துளைச்சுட்டு அடுத்த வீட்டு மாடிக்குப் போயிடும். அங்கே யாராவது வடகம் காயப் போட்டுக்கிட்டிருப்பாங்க.

இதில் செய்யவே கூடாத பாவம் ஒண்ணு உண்டு: 'டிரை ஃபயர்'. அம்பு இல்லாம நாணை இழுத்து விடறது. அம்பு எடுத்துக்கிட்டுப் போக வேண்டிய சக்தி முழுக்க வில்லுக்கே திரும்பும். நாண் அறுந்து, கேம் வளைஞ்சு, வில்லின் கை விரிசல் விட்டு, சில்லு முகத்தில் பாயலாம். "சும்மா இழுத்துப் பார்க்கறேன்டா"னு ஹாஸ்டல் ரூமில் நீளுகிற கைகளை வில்லின் சொந்தக்காரர் தட்டிவிட்டே ஆகணும். ரொம்ப லேசான அம்பும் கிட்டத்தட்ட அதே பாதிப்பைத் தரும். அதனால் கம்பெனி சொன்ன எடைக்குக் குறையவே கூடாது.

கிராஸ்போவில் இன்னும் ரெண்டு வில்லங்கம். கட்டை விரல் தெரியாம நாண் ஓடுற தண்டவாளத்துக்கு மேலே ஏறியிருந்தா, விரல் காலி. அப்புறம், ஒரு தடவை நாண் ஏத்திட்டா பெரும்பாலான கிராஸ்போவில் மெதுவா இறக்க முடியாது. ஒரு பழைய அம்பைப் போட்டு இலக்கில் விட்டுத்தான் இறக்கணும். நாண் ஏத்தும்போதும் இரண்டு பக்கமும் சமமா இழுக்கிற கயிறு வேணும். கொஞ்சம் கோணலா ஏறினாலும் அம்பு விலகும்.

பராமரிப்புனா வாரா வாரம் கொஞ்ச நேர வேலை. நாணில் இழை பிரிஞ்சு ரோமம் மாதிரி தெரிஞ்சா மெழுகு தேய்ச்சு, விரலால் சூடு பறக்க நீவி உள்ளே இறக்கணும். அம்பு உட்கார்ற இடத்தில் சுத்தியிருக்கிற நூல்கட்டில் மட்டும் மெழுகு வேண்டாம். கிராஸ்போவா இருந்தா தண்டவாளத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். கார்பன் அம்பை ஒவ்வொரு ரவுண்டுக்கும் லேசா வளைச்சு, காதுக்கிட்ட வெச்சுக் கேட்கணும். 'கிரீச்'னா குப்பைத் தொட்டி. விரிசல் விட்ட அம்பு நாணிலேயே சிதறி கையைக் கிழிக்கும். நாண் மாத்த 'போ பிரஸ்'னு தனி மெஷின் இருக்கு. பைக் மெக்கானிக் அண்ணன்கிட்ட ஸ்பேனரோட போய் நிக்காதீங்க. முக்கியமா, நம்ம ஊர் மே மாச வெயிலில் பூட்டின காருக்குள்ளே வில்லை விட்டுட்டுப் போகாதீங்க. நாண் நீண்டு, கேம் ரெண்டும் வேற வேற நேரம் காட்டும்.

இவ்வளவும் பார்த்துக்கிட்டு கிராஸ்போ வாங்கினா, போட்டிக்குப் போகலாமா? அங்கதான் இடிக்குது. இன்றைய ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசியப் போட்டியிலும் இல்லை. 1956-ல் ஜெர்மனியின் லாண்ட்ஷட்டில் தொடங்கின தனி சர்வதேச சங்கம் இருக்கு, அவ்வளவுதான். கையில் பிடிக்கிற காம்பவுண்ட் வில் கதையே வேற. 50 மீட்டரில் 80 செ.மீ. இலக்கு, நடுவில் 10 பாயின்ட் வட்டம் வெறும் 8 செ.மீ. 15 அம்பு, 150 பாயின்ட். 2023-ல் பெர்லின் உலகப் போட்டி ஃபைனலில் நாக்பூர் பையன் ஓஜஸ் தேவ்தளே 150-க்கு 150 போட்டார். அதே போட்டியில் 17 வயசு அதிதி சுவாமி உலக சாம்பியன். ரெண்டு மாசம் கழிச்சு ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் சேருது.

திருவண்ணாமலைக்காரங்க கவனிக்க வேண்டிய ஊர் இன்னொண்ணு இருக்கு: காஷ்மீர் பக்கம் கட்ரா. வைஷ்ணவி தேவி மலை ஏறுகிறவங்க கூடுகிற கோயில் ஊர். அங்கே கோயில் வாரியமே கட்டின விளையாட்டு வளாகத்தில் பயிற்சி எடுத்தவர் ஷீத்தல் தேவி. பிறவியிலேயே இரண்டு கையும் இல்லாத பொண்ணு. காலால் காம்பவுண்ட் வில்லைத் தூக்கி, தோளால் இழுத்து, தாடையால் டிரிகரைத் தட்டுவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோட சேர்ந்து வெண்கலம் வாங்கினப்போ வயசு 17. மலை, பக்தர் கூட்டம், லாட்ஜ்... எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான். கோயில் ஊரில் வில் மைதானம் வெச்சா என்ன ஆகும்னு கட்ரா காட்டிடுச்சு. இங்கேயும் யாராவது கேட்டுப் பார்க்கலாமே?

மைதானம் இல்லைனு மலைப்பக்கம் போகலாம்னு மட்டும் ஐடியா பண்ணாதீங்க. கிரிவலப் பாதையை ஒட்டின காட்டில் மான் இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் 'ஆயுதம்' பட்டியலில் வில்லும் அம்பும் பேரோட இருக்கு. "இலக்குக்குத்தான் சார் விட்டேன்"னா ஃபாரஸ்ட் ஆபீஸில் எடுபடாது. 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்'கிற வார்த்தைக்கு விளக்கமும் ரொம்ப அகலம். அதனால் கிராஸ்போ ஆர்டர் போடறதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுடறது நல்லது.

பணமும் யோசிக்கணும். போட்டித் தரத்தில் காம்பவுண்ட் வில், சைட், ரிலீஸ், அம்புனு முழு செட் லட்சத்தைத் தாண்டும். ஆனா 'இந்தியன் ரவுண்டு'னு மூங்கில் வில்லுக்குத் தனிப் பிரிவே இருக்கு. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியிலும் உண்டு. தீபிகா குமாரி மாதிரி ஆட்கள் மூங்கிலில் ஆரம்பிச்சவங்கதான். காலேஜ் பி.டி. சார்கிட்டயோ மாவட்ட விளையாட்டு அலுவலர்கிட்டயோ ஒரு லெட்டர் எழுதிக் கேட்க செலவு அஞ்சு ரூபாய்.

நண்பர் ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கார். முதல் மூணு வாரம் வில்லைத் தொடவே வேண்டாம், ரப்பர் பட்டையை இழுத்துப் பழகுன்னு ஒரு கோச் சொல்லிட்டாராம். ஹாஸ்டல் வராண்டாவில் ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டி இழுத்துக்கிட்டிருக்கார். பக்கத்து ரூம் பசங்க அதில் துண்டு காயப் போட ஆரம்பிச்சுட்டாங்க.