ஆந்திரப் பிரதேச ஆசிரியர் செயல்திறன் ஊதிய ஆய்வு

ஆந்திரப் பிரதேச ஆசிரியர் செயல்திறன் ஊதிய ஆய்வு என்பது, மாணவரின் கற்றல் முன்னேற்றத்தைப் பொறுத்து ஆசிரியருக்கு ஊக்கத்தொகை வழங்கினால் கல்வித் தரம் உயருமா என்பதை அறிய, பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தின் ஊரக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்ட கள ஆய்வு ஆகும். மாநில அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியன இதில் பங்கேற்றன. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் இதன் முடிவுகளை ஆராய்ந்து 2011 இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

பின்னணி

இந்திய அரசுப் பள்ளிகளில் ஆசிரியரின் ஊதியம் பணிமூப்பு, கல்வித் தகுதி ஆகியவற்றால் முடிவாகிறது. மாணவர் கற்றாலும் கல்லாவிடினும் ஊதியம் மாறுவதில்லை. பல குழந்தைகள் தொடக்கப் பள்ளியை முடித்த பின்னும் எளிய பத்தியைப் படிக்க இயலாத நிலையில் உள்ளனர் என்பதால், இம்முறை மாற வேண்டும் என்ற கருத்து எழுந்தது.

இக்கருத்து புதியது அன்று. இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டு விதிகளின்படி, தேர்வு முடிவுகளைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு நிதி வழங்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சென்னை மாகாணத்திலும் இத்தகைய மானிய முறை வழக்கில் இருந்தது. இது மனப்பாடத்தை வளர்க்கிறது என்ற குறை கூறப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. தேர்வுக்காக மட்டும் கற்பித்தல் பெருகும் என்ற அச்சம் இன்றும் உள்ளது.

ஆய்வின் அமைப்பு

கடலோர ஆந்திரம், இராயலசீமை, தெலங்கானா ஆகிய மூன்று வட்டாரங்களிலிருந்தும் 5 மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றிலிருந்து 500 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுக் குலுக்கல் முறையில் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் 100 பள்ளிகள் இருந்தன.

1. தனி ஆசிரியரின் மாணவர் முன்னேற்றத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை
2. பள்ளி முழுவதன் முன்னேற்றத்தைப் பொறுத்து எல்லா ஆசிரியருக்கும் சமமான ஊக்கத்தொகை
3. கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர்
4. கற்பித்தல் பொருட்கள் வாங்கப் பண உதவி
5. எதுவும் வழங்கப்படாத ஒப்பீட்டுக் குழு

ஐந்தாம் குழுவே மதிப்பீட்டின் அடித்தளம் ஆகும். மழை, விலைவாசி, பாடநூல் மாற்றம் போன்ற காரணங்களால் எல்லாப் பள்ளிகளிலும் மதிப்பெண் உயரலாம் அல்லது தாழலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாவிடின் அவ்வுயர்வு ஊக்கத்தொகையால் வந்ததா, பிறவற்றால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. பள்ளிகள் தாமாக முன்வந்து சேர்ந்திருப்பின் ஆர்வமுள்ள பள்ளிகளே திட்டத்தில் சேர்ந்திருக்கும். குலுக்கல் முறை அக்குறையை நீக்குகிறது.

ஊக்கத்தொகைக் கணக்கு

முதல் ஆண்டில், சராசரி மதிப்பெண் உயர்வு 5 விழுக்காட்டைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் 500 ரூபாய் வழங்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, உயர்வு 12 விழுக்காடு எனின் ஊக்கத்தொகை 7 × 500 = 3,500 ரூபாய். மாணவர் பெற்ற மதிப்பெண் அன்றி, அவர் அடைந்த முன்னேற்றமே கணக்கில் கொள்ளப்பட்டதால், பின்தங்கிய மாணவர்களைக் கொண்ட ஆசிரியருக்கும் வாய்ப்பு இருந்தது. வழங்கப்பட்ட தொகை சராசரியாக ஆண்டு ஊதியத்தில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே.

தேர்வுகளை ஆசிரியர்கள் நடத்தவில்லை; வெளியாட்களே நடத்தினர். பாடநூலில் உள்ளவாறு அமைந்த வினாக்களுடன், கருத்தைப் புரிந்துகொண்டாலன்றி விடையளிக்க இயலாத வினாக்களும் சேர்க்கப்பட்டன.

முடிவுகள்

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஊக்கத்தொகைப் பள்ளிகளின் மாணவர்கள் ஒப்பீட்டுக் குழு மாணவர்களைவிடக் கணிதத்தில் 0.27, மொழிப்பாடத்தில் 0.17 திட்ட விலக்கம் அளவு கூடுதல் மதிப்பெண் பெற்றனர். மதிப்பெண் வரிசையில் 100 மாணவரை நிறுத்தினால், நடுவில் நிற்கும் மாணவர் கணிதத்தில் ஏறத்தாழ 10 இடங்கள் முன்னேறுவதற்கு இது ஒப்பாகும்.

இருவகை வினாக்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. ஊக்கத்தொகைக் கணக்கில் சேராத அறிவியல், சமூகவியல் பாடங்களிலும் மாணவர்கள் பின்தங்கவில்லை, மாறாக முன்னேறினர். ஏறத்தாழ ஒத்த செலவில் கூடுதல் ஆசிரியரோ பண உதவியோ பெற்ற பள்ளிகளைவிட ஊக்கத்தொகைப் பள்ளிகள் சிறந்து விளங்கின.

எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. ஆசிரியர் வருகையில் மாற்றம் ஏற்படவில்லை. பள்ளிக்கு வந்த நாட்களில் கூடுதல் வீட்டுப்பாடம், பயிற்சித் தேர்வு, பள்ளி நேரத்திற்குப் பிந்தைய வகுப்பு, பின்தங்கிய மாணவரிடம் தனிக்கவனம் ஆகியவற்றை மேற்கொண்டதாக ஆசிரியர்கள் தெரிவித்தனர்.

முதல் ஆண்டில் தனி ஊக்கத்தொகைக்கும் குழு ஊக்கத்தொகைக்கும் வேறுபாடு தென்படவில்லை. பின்னர் தனி ஊக்கத்தொகையே மேம்பட்டது. அதன்கீழ் ஐந்து ஆண்டுத் தொடக்கக் கல்வியையும் முடித்த மாணவர்கள் கணிதத்தில் 0.54, மொழிப்பாடத்தில் 0.35 திட்ட விலக்கம் அளவு முன்னணியில் இருந்தனர்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை நடந்த ஆய்வில், கணித ஆசிரியருக்கு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டும் மொத்தத்தில் பயன் காணப்படவில்லை. நியூயார்க் நகரத் திட்டமும் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. கென்யாவில் திட்டத்துடன் இணைந்த தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. திட்டம் முடிந்தபின் அவ்வுயர்வு நிலைக்கவில்லை.

மதிப்பீடு

தொகையின் அளவு மட்டும் விளைவை முடிவு செய்வதில்லை என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. நாஷ்விலில் பெருந்தொகை பயன் தரவில்லை. ஆந்திரத்தில் சிறுதொகை பயன் தந்தது. எதனை அளப்பது, யார் அளப்பது, முன்னேற்றத்தைக் கணக்கிடுவது எவ்வாறு என்பனவும், திட்டத்திற்கு முன் பள்ளிகள் இருந்த நிலையும் கருதத்தக்கன. ஆந்திர முடிவுகள் ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு உரியவை. அவற்றை உயர்நிலைப் பள்ளிகளுக்கோ பிற மாநிலங்களுக்கோ பொருத்தும் முன்னர், அங்கும் ஒப்பீட்டுக் குழுவுடன் சோதித்தல் தேவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

தொடக்கக் கல்வி
திட்ட விலக்கம்
ஆந்திரப் பிரதேசம்