முன்பக்கம் 2000, பின்பக்கம் 22

செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் சின்னதாக ஒரு ரேடியோ மெக்கானிக் கடை. என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றி அங்கே தூக்கிப் போனேன். வால்யூமைத் தொட்டாலே கரகரத்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் ஓட்டை டப்பாவைத் தட்டியதுபோல் உடைந்தது. பெட்டியின் முகப்பிலோ பொன்னிற எழுத்தில் ‘2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’

“இவ்வளவு பவர் இருந்தும் ஏண்ணே உடையுது?” என்றேன்.

“மூடியைக் கழட்டிட்டுப் பேசலாம் சார்.”

கழற்றியதும் அவர் காட்டியது டிரான்ஸ்ஃபார்மரை. அதில் 18-0-18, 3 ஆம்பியர் என்று ஒட்டியிருந்தது. 36 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கினால் 108. சுவரிலிருந்து தொடர்ந்து உள்ளே வரக்கூடிய சக்தியே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு வெப்பத் தகட்டைச் சூடாக்கவே போய்விடும். உள்ளே 108 வந்தால் வெளியே 2000 எப்படிப் போகும்? பி.எம்.பி.ஓ. என்பது இமைப்பொழுதில் எட்டக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டு, எல்லாச் சேனலையும் கூட்டிப் போடும் எண். அதை அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் இல்லை. இந்த மயக்கம் நம்மூரில் மட்டும் இருந்ததல்ல. அமெரிக்காவில் இதற்கென்றே 1974-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் விதி போட்டது: தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைச் சொல், எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்பதையும் சேர்த்துச் சொல். அந்த விதியை 2024-இல் இன்னும் இறுக்கினார்கள்.

மெக்கானிக் அண்ணன் ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டர் இரண்டைக் கட்டினார். கைப்பேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, பழைய ஆசிலோஸ்கோப்பைப் போட்டார். பச்சைத் திரையில் அலை வழவழப்பாக ஏறி இறங்கியது. வால்யூமை மெல்லக் கூட்ட, அலை வளர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் அதன் முகடு கத்தியால் சீவியதுபோல் தட்டையானது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு மீட்டர் காட்டியது 13.3 வோல்ட். அதன் வர்க்கம் 177, ஓம் எட்டால் வகுத்தால் 22 வாட்ஸ். ஒரு சேனலை மட்டும் ஓட்டியபோது 14.4 வோல்ட், அதாவது 26 வாட்ஸ் வந்தது. இரண்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உண்பதால் சேர்ந்து ஓடும்போது பங்கு குறைகிறது. விவரத்தாளில் ‘இரு சேனலும் ஓடுகையில்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நிபந்தனையை மாற்றினால் எண் எப்படி மாறுகிறது என்பதற்கு டி.டி.ஏ. 7294 நல்ல சாட்சி. ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர்களுக்குப் பழக்கமான சிப் அது. 8 ஓமில் 0.5 சதவீதச் சிதைவோடு தொடர்ந்து தருவது 70 வாட்ஸ். மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, 10 சதவீதச் சிதைவையும் அனுமதித்தால் அதே சிப் 100 வாட்ஸ். இரண்டும் பொய்யில்லை. ஆனால் 10 சதவீதம் என்பது முகடு நன்றாகச் சீவப்பட்ட நிலை.

சரி, 22 வாட்ஸ் போதுமா? போதும் என்றே சொல்வேன், வீட்டுக்குள் என்றால். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபெல் தரும். அது பக்கத்தில் நிற்பவரிடமும் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதைவிட, 3 டெசிபெல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரைத் தேடுவது மேல். மிச்ச வாட்ஸ் தேவைப்படுவது மிருதங்க அடி போன்ற திடீர் உச்சங்களுக்கு. பாட்டு சராசரியாக அரை வாட்டில் ஓடும்போது, 15 டெசிபெல் எகிறும் ஓர் அடிக்கு 16 வாட்ஸ் வேண்டும். என் பெட்டி உடைந்தது இந்த இடத்தில்தான்: சராசரியையே நான் மிக மேலே வைத்திருந்தேன்.

வெளியே வந்தால் கணக்கு தலைகீழ். மாமல்லபுரத்தில் டிசம்பர், ஜனவரியில் திறந்தவெளியில் நாட்டிய விழா நடக்கும். அங்கே சத்தத்தைத் திருப்பித் தரச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் போகும். 32 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 30 டெசிபெல் நஷ்டம், அதை ஈடுகட்ட ஆயிரம் மடங்கு வாட்ஸ். கோயில் கூம்பு ஒலிபெருக்கி சின்ன ஆம்ப்ளிஃபயரில் ஊரையே எழுப்புவது, அதன் உணர்திறன் 100 டெசிபெலைத் தாண்டுவதால். அடித்தொனியைப் பலிகொடுத்துத்தான் அது அந்தத் திறனைப் பெறுகிறது. மார்கழி விடியலில் எங்கோ பாடும் ஒலிபெருக்கி கொளவாய் ஏரிக்கரையில் நடப்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறதென்றால், அதில் காற்றுக்கும் பங்குண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்று வெம்மையாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும்.

இனி டி.எச்.டி. எனும் சிதைவு எண். கொடுத்த சுரத்தோடு ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்க்கும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களின் மொத்தம் அது. எல்லாச் சிதைவும் காதை ஒரே மாதிரி உறுத்துவதில்லை. மிருதங்கம் போன்ற நம் தோல்வாத்தியங்களில் தோலின் நடுவே இருக்கும் கரும்பூச்சு, மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இசையிலேயே நிறைந்திருக்கும் இரண்டாம் மடங்கை ஆம்ப்ளிஃபயர் ஒரு சதவீதம் கூட்டினால் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் சுமக்கும் ஆம்ப்ளிஃபயரில், கைமாறும் இடம் சரியாகப் பொருந்தாவிட்டால் வருவது வேறு ரகம். தம்புராவோடு ஆலாபனை மெல்லத் தொடங்கும்போது, அந்த மென்மையின் மேல் மணல் தூவியதுபோல் இருக்கும். சத்தம் கூடக்கூட அதன் விகிதம் சிறுத்துவிடும். விளம்பரத்தில் வரும் 0.05 சதவீதம் பெரும்பாலும் முழு வாட்ஸை ஒட்டி அளந்தது. நாம் கேட்பதோ முதல் ஒரு வாட்டில். அந்த ஒரு வாட்டில் சிதைவு எவ்வளவு என்று கேளுங்கள்.

எண்கள் சரியாக இருந்தும் ஏமாந்த ஒருவர் அமர் போஸ். வங்காளத் தந்தைக்குப் பிறந்தவர், சிறுவயதில் வயலின் கற்றவர். 1956-இல் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது விவரத்தாளைப் பார்த்து ஹை-ஃபை செட் வாங்கினார். வயலின் வயலினாகக் கேட்கவில்லை. அரங்கில் நாம் கேட்பதில் பெரும்பங்கு சுவரில் பட்டு வரும் ஒலி என்ற ஆராய்ச்சிக்கு அந்த ஏமாற்றமே அவரை இழுத்துப் போனது. விவரத்தாளில் நம் அறை இருப்பதில்லை.

நம் கடற்காற்றும் இருப்பதில்லை. என் வீடு தேவனேரிப் பக்கம், அலைச்சத்தம் கேட்கும் தூரம். வால்யூம் கட்டுப்பாட்டைத் திறந்தபோது உள்தடத்தில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. உப்பு. மெக்கானிக் அண்ணன் துடைத்துப் பார்த்துவிட்டுப் புதியதே போட்டார். ஸ்பீக்கருக்கு நான் இழுத்திருந்த மெல்லிய ஒயரையும் மாற்றச் சொன்னார்: 10 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போக வர அரை ஓம் கிட்டே தின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரின் டேம்பிங் ஃபேக்டர் 200 என்றிருந்தாலும், ஸ்பீக்கர் கூம்பை அடக்கும் பிடி அந்த ஒயரில் பதினாறுக்கும் கீழே இறங்கிவிடும்.

மூடியை முடுக்கிவிட்டு, மார்க்கர் பேனாவை எடுத்துப் பெட்டியின் பின்னால் எழுதினார்: ‘22 + 22, 8 ஓம்’. அன்றிரவு வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்துக் கேட்டேன். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத் தொப்பியின் கும்கி வளைந்து இறங்கி அடங்குவது வரை கேட்டது. அது அடங்கியபின் ஜன்னல் வழியே கடல் கேட்டது.