பிந்தி வந்தார்க்கும் இடந்தரும் ஆட்டம்

கல்லூரியை விட்டு நீங்கும்போதே விளையாட்டையும் விட்டு நீங்குவோர் நம்மிற் பலர். உதைபந்தாட்டத்திற்குக் காலின் விரைவும், கிரிக்கெட்டிற்குக் கண்ணின் விரைவும் வேண்டும். உத்தியோகமும் குடும்பப் பொறுப்பும் வந்தபின் இவை குன்ற, முன்னாள் வீரர் மைதானத்தின் ஓரத்திற் பார்வையாளராய் அமர்ந்துவிடுகின்றார். அவ்வாறு அமர்ந்தவரை மீண்டும் எழுப்பவல்ல ஆட்டங்களுள் ஒன்று கோல்ப். நடுவயதில் அதனைக் கைக்கொண்டவர் பலர் இறுதிவரை அதனைக் கைவிடாமைக்குக் காரணம் யாதென ஈண்டு நோக்குவோம்.

புல்வெளியிற் கிடக்கும் சிறு பந்தைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்றளவு குறைந்த அடிகளில் வீழ்த்துவதே இவ்வாட்டம். ஒரு முழு ஆட்டத்திற்குக் குழிகள் 18. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். பந்து அசையாது கிடக்கும். அதனைத் தடுப்பார் எவருமிலர். ஓடவேண்டிய தேவையும் இல்லை. 250 யார் செல்லும் பேரடியும், குழியருகே ஓரடி தூரம் உருட்டும் சிற்றடியும் கணக்கில் ஒன்றே. ஆகவே தோள்வலி குறைந்தவரும் கைந்நுட்பத்தால் அதனை ஈடுசெய்தல் கூடும்.

இதற்குச் சிறந்த சான்று வோல்டர் ட்ராவிஸ் என்பவர். அவுஸ்திரேலியாவில் 1862 இற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், முதன்முதல் கோல்ப் கோலைக் கையிலெடுத்தது 1896 இல், தமது 34 ஆம் வயதில். நூல்களைக் கற்றும், இடைவிடாது பயின்றும் தேர்ச்சியடைந்தார். 1900, 1901, 1903 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அமெச்சூர் வீரர் பட்டத்தை வென்றார். 1904 இல், 42 ஆம் வயதில், இங்கிலாந்தின் சான்ட்விச் நகரிற் பிரித்தானிய அமெச்சூர் பட்டத்திற்கான இறுதிப் போட்டியில் எட்வர்ட் பிளாக்வெல் என்பவரை எதிர்த்தார். பிளாக்வெல் பந்தை நெடுந்தூரம் அடிப்பதிற் பேர்பெற்றவர். ட்ராவிஸோ குறுந்தூரமே அடிப்பவர். எனினும் குறி தவறாமையும், குழியருகே பந்தை உருட்டும் திறனும் அவருக்கு வெற்றியை ஈந்தன.

எல்லோரும் ட்ராவிஸ் ஆதல் இயலாது. அத்தகையோர்க்கும் ‘ஹண்டிகப்’ என்னும் முறை துணைசெய்கின்றது. ஒவ்வொருவர் ஆற்றலுக்கும் ஏற்ப இத்தனை அடிகள் என வகுத்து, அவர் அடித்த மொத்தத்திலிருந்து கழிப்பது அம்முறை. 2020 இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுவிதியின்படி இவ்வளவு 54 வரை செல்லலாம். இதனாற் கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும், தந்தையும் மைந்தனும் ஒத்த நிலையில் நின்று போட்டியிடுகின்றனர்.

முதுமைக்கே உரிய ஒரு பெருமையும் இவ்வாட்டத்தில் உண்டு. தம் வயதின் எண்ணிக்கையளவான அடிகளில், அல்லது அதனினும் குறைவாக, 18 குழிகளையும் முடித்தலே அது. அமெரிக்கத் தொழில்முறை வீரர் சாம் சினீட் 1979 இல், 67 ஆம் வயதில், ஒரே போட்டியில் ஒரு சுற்றை 67 அடிகளிலும் பிறிதொன்றை 66 அடிகளிலும் முடித்தார். இருபது வயது இளைஞர் எவ்வளவு முயன்றாலும் எய்தவொண்ணாத பேறு இது!

நம் நாட்டிற் கொழும்புக் கோல்ப் கழகம் 1879 இலேயே தோன்றியது. நுவரெலியாவிலும் பழைமையான திடல் உண்டு. ஆயினும் பொருளும் ஓய்வும் வேண்டுவதால் இவ்வாட்டம் யாவர்க்கும் எட்டுவதன்று. எட்டாதார் பூப்பந்தோ சதுரங்கமோ தமக்கியைந்த பிறிதொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இன்றைய மாணவரும், ஓடியாடும் ஆட்டங்களுடன் முதுமையிலும் உடன்வரும் ஆட்டம் ஒன்றையேனும் பயின்றுவைத்தல் நன்று. பழைய மாணவரோ, நாற்பதைக் கடந்தோமே என்று தயங்காது இன்றே தொடங்குவாராக.