வேர்களைத் தேடி – 9: பெயரைத் தந்தவர் யார்?

கால்டுவெல், இரேனியுஸ், மர்காஷிஸ் என்று மிஷனரிகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது திருநெல்வேலிச் சீமையின் பழைய வழக்கம். இப்படியொரு அபூர்வப் பெயர் குடும்பத்தில் இருந்தால், வெளியூர்க்காரர்கள் உடனே கேட்பது, "உங்க பரம்பரையில வெள்ளைக்காரர் உண்டா?" என்பதுதான்.

நாசரேத்துக்காரர்களுக்கு மர்காஷிஸ் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. கேனன் ஆர்தர் மர்காஷிஸ் 1876-ல் இங்கே வந்தார். 1908-ல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே ஊழியம் செய்தார். அவர் வந்தது தாது வருஷப் பஞ்ச காலம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். கைத்தொழில் கற்பிக்கப் பள்ளி தொடங்கினார். மேல்நிலைப்பள்ளியும் கல்லூரியும் இன்று அவர் பெயரால் விளங்குகின்றன. வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயரை இடுவது நன்றிக்கடன். அதை வைத்து வம்சக் கொடி வரைந்தால் முதல் கிளையே தவறாகிவிடும்.

கடற்கரையில் கதை வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 தொடங்கி திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துகீசியப் பெயர்களும் கூடவே வந்தன. பர்னாந்து, மச்சாது, மிராந்தா, ரொட்ரிகோ என அவை இன்றுவரை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. ஆனால் மணப்பாட்டு பர்னாந்தும் தூத்துக்குடி பர்னாந்தும் பங்காளிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெயர் ஞானஸ்நானத்தோடு வந்தது.

அப்படியானால் எதைப் பிடித்து மேலே போவது? ஊரைப் பிடியுங்கள். தாத்தாவின் பெயர் இன்ஷியலாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. ஆனால் "ஆச்சி பிறந்த ஊர் எது, எந்தக் கோயில்?" என்பது மட்டும் வீட்டில் மறப்பதில்லை. அந்தக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு தாய், தகப்பன், ஊர், தொழில் எல்லாம் வரிசையாக இருக்கும். பனையேறி என்றோ உபதேசியார் என்றோ எழுதிய அந்த ஒரு கட்டம், பெயர் சொல்லாத கதையைச் சொல்லும். கத்தோலிக்கப் பதிவேட்டில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள். அறுந்த கிளையை அவர்களை வைத்தே ஒட்டிவிடலாம்.

அடுத்தது தாய்ப் பத்திரம். பனங்காட்டையோ வீட்டு மனையையோ விற்று வாங்கிய பழைய பத்திரத்தில் "இன்னார் மகன் இன்னார்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கோயில் ஏட்டில் நின்றுபோன வழி பல நேரம் இங்கே தொடரும்.

குடும்பப் பெயரை ரத்தத்தின் முத்திரையாக மட்டும் பார்த்தால், நம்மை வளர்த்தவர்களும் கை கொடுத்தவர்களும் வரலாற்றிலிருந்து விழுந்துவிடுவார்கள். நம் கொடியில் அவர்களுக்கும் இடம் வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் அதைத் தந்தவர் யார், எதற்காக என்றும் எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம் கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகளைப் படிக்கலாம். அதற்குள் வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, பூட்டியின் முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

(தேடல் தொடரும்)